பனூ இஸ்ராயீல்களின் விசித்திரச் சட்டங்கள்: சிரிப்பதற்கா, சிந்திப்பதற்கா?



  

ஆட்டு உரோமமும் லினன் நூலும் கலந்து நெய்த ஆடையை உடுத்தக் கூடாது. எருதையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டி உழக் கூடாது. விலங்கின் தொடையில் ஓடும் ஒரு நரம்பை அகற்றாமல் அந்த இறைச்சியைப் புசிக்கக் கூடாது. பிரேதத்தைத் தொட்டவன் தூய்மையடைய வேண்டுமாயின், செந்நிறப் பசுவொன்றின் சாம்பல் கலந்த நீர் அவன் மீது தெளிக்கப்பட வேண்டும். இவை யாவும் யூதர்களின் வேதநூலில் இன்றும் காணப்படுகின்ற சட்டங்கள். கைத்தொலைபேசிகளில் உலாவும் துணுக்குகளும் சிறு காணொளிகளும் இவற்றைப் பொறுக்கியெடுத்து வேடிக்கை காட்டுகின்றன. நம் இளைஞர்கள் சிலரும் அவற்றைக் கண்டு நகைத்து, நண்பர்களுக்கும் அனுப்பி வைக்கின்றனர்.

அன்பின் இளைஞனே! அனுப்புவதற்கு முன்னர் ஒரு கணம் சிந்தித்துப் பார். நீர் கிடைக்காதபோது மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவி நாம் தயம்மும் செய்கின்றோம். காலுறையின் மீது மஸ்ஹு செய்யும்போது, அழுக்குப் படியும் அடிப்பாகத்தை விட்டு மேற்பாகத்தையே தடவுகின்றோம். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவி, அவற்றுள் ஒரு முறை மண்ணையும் சேர்த்துக்கொள்கின்றோம். நம் மார்க்கத்தை அறியாத ஒருவன் இவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சிரித்தால் உன் உள்ளம் என்ன பாடுபடும்? எந்த அளவுகோலால் நாம் பிறரை அளக்கின்றோமோ, அதே அளவுகோல் நம் வாசலுக்கும் வந்து சேரும் என்பதை மறந்துவிடலாகாது.

யூதர்களின் சட்டங்கள் அனைத்தும் சரியானவை என்று வாதிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவர்களுடைய வேதத்தில் மனிதக் கரங்கள் புகுந்துள்ளன என்பது நமது நம்பிக்கை. அதேவேளை, வேதக்காரர்கள் கூறுபவற்றை முழுமையாக உண்மைப்படுத்தவும் வேண்டாம், முழுமையாகப் பொய்ப்படுத்தவும் வேண்டாம் என்பதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த நிதானம். அன்னார் ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அந்த ஸஹாபியும் ஏறத்தாழ அரை மாதத்தில் அதனைக் கற்றுத் தேர்ந்தார். பிறரைப் பற்றி அரைகுறையாக அறிந்து பேசுவது நம் முன்னோரின் வழியாக இருக்கவில்லை. ஆகவே, இச்சட்டங்களின் வரலாற்றை அறிந்துகொள்வோம்.

காரணம் அறியப்பட்டவையும் அறியப்படாதவையும்

தவ்றாத்தில் 613 கட்டளைகள் உள்ளன என்பது யூத மரபு. அவற்றுள் 248 ஏவல்கள், 365 விலக்கல்கள். இக்கணக்கை தல்மூத் எனும் அவர்களது பெருநூல் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிம்லாய் எனும் மத அறிஞரின் பெயரால் பதிவு செய்துள்ளது. இக்கட்டளைகளை அவர்களது அறிஞர்கள் இரு வகையாகப் பிரிப்பர். கொலை, களவு போன்றவற்றைத் தடுப்பவை முதல் வகை. வேதம் இறங்கியிராவிட்டாலும் மனித அறிவு இவற்றைக் கண்டுகொண்டிருக்கும். இரண்டாம் வகையின் காரணம் மனித அறிவுக்கு எளிதில் புலப்படாது. அவற்றுக்கு ‘ஹுக்கீம்’ என்று பெயர்.

நமது உஸூலுல் பிக்ஹு கலையைக் கற்றவர்களுக்கு இப்பிரிவு புதியதன்று. காரணம் விளங்கும் சட்டங்களை ‘மஃகூலுல் மஃனா’ என்றும், வணக்கமாக ஏற்றுப் பணிய வேண்டியவற்றை ‘தஅப்புதீ’ என்றும் நம் இமாம்கள் அழைத்தனர். மார்க்கம் மனித அபிப்பிராயத்தால் அமைவதாயின் காலுறையின் அடிப்பாகத்தைத் தடவுவதே பொருத்தமாக இருந்திருக்கும் என்ற கருத்துப்பட அலீ (ரழி) அவர்கள் கூறியது இதற்கு நல்ல சான்றாகும்.

கம்பளியும் லினனும் கலந்த ஆடைக்கான தடை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தவ்றாத்தில் இதற்குக் காரணம் கூறப்படவில்லை. ஆயினும், குர்துபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மரணித்த மூஸா இப்னு மைமூன் எனும் யூத அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இவர் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்களின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழிலின் ஆதரவைப் பெற்ற மருத்துவர். ‘தலாலத்துல் ஹாஇரீன்’ எனும் தமது நூலை எபிரேய எழுத்தில் அறபு மொழியிலேயே எழுதினார். அக்காலச் சிலைவணக்கப் பூசாரிகள் தாவர நூலும் விலங்கு உரோமமும் கலந்த ஆடையை அணிந்தனர். அவர்களுக்கு ஒப்பாகாதிருக்கவே இத்தடை வந்தது என்பது அவர் கருத்து. பிற சமூகத்தவரின் வணக்க அடையாளங்களுக்கு ஒப்பாகலாகாது என்று நம் உலமாக்கள் பேசும் விடயத்தை இது நினைவூட்டவில்லையா? எவ்வாறாயினும், பேணுதல் மிக்க யூதர்கள் இன்றும் புதிய கோட்டு ஒன்றை வாங்கினால், அதன் நூலை நுண்ணோக்கியில் பரிசோதிக்கும் நிலையங்களுக்கு அனுப்பிய பின்னரே அணிகின்றனர். ஒரு நூலிழைக்காக இத்தனை கவனமா என்று நாம் வியக்கலாம். ஆனால், அது இறைகட்டளை என்று அவர்கள் நம்புகின்றனர் என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நரம்பின் வரலாறு

தொடை நரம்பைப் பற்றிய சட்டத்திற்கு வருவோம். யஃகூப் (அலை) அவர்கள் ஓர் இரவு விடியும்வரை ஒருவருடன் மல்லுக்கட்டினார்கள். அப்போது அவர்களது தொடைச் சந்து பாதிக்கப்பட்டது. அதன் நினைவாக இஸ்ராயீலின் மக்கள் அந்நரம்பை உண்பதில்லை என்று யூத வேதத்தின் முதல் நூல் கூறுகின்றது.

அருள்மறை அல்குர்ஆனோ ஆல இம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனத்தில், தவ்றாத் அருளப்படுவதற்கு முன்னர் இஸ்ராயீல், அதாவது யஃகூப் (அலை) அவர்கள், தம்மீது தாமே சில உணவுகளைத் தடைசெய்துகொண்டதாகக் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கு ‘இர்குன் நஸா’ எனும் நோய், அதாவது இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் கடுமையான நரம்பு வலி இருந்தது என்றும், அதனாலேயே ஒட்டக இறைச்சியையும் அதன் பாலையும் விட்டார்கள் என்றும் விரிவுரைகளில் காண்கின்றோம். நரம்புகளை உண்பதை விட்டார்கள் என்ற அறிவிப்பும் உண்டு. எபிரேய மொழியில் அந்நரம்பின் பெயர் ‘கீத் ஹனாஷெ’. அறபு மொழியின் ‘நஸா’வும் எபிரேயத்தின் ‘நாஷெ’யும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். இரு வரலாறுகளும் விபரத்தில் வேறுபட்டாலும், ஒரே நபியையும் ஒரே நரம்பையும் தொட்டு நிற்பதைக் காணுங்கள்.

இச்சட்டத்தின் விளைவும் கவனிக்கத்தக்கது. விலங்கின் பின்பகுதியிலிருந்து அந்நரம்பையும் தடுக்கப்பட்ட கொழுப்பையும் அகற்றுவது கைதேர்ந்தவர்களால் மட்டுமே இயலும் வேலை. ஆகவே, பல நாடுகளில் யூத இறைச்சிக் கடைக்காரர்கள் பின்பகுதியை முழுமையாகப் பிற மதத்தவர்களுக்கே விற்றுவிடுகின்றனர். சீனாவின் கைஃபெங் நகரில் 1163இல் தொழுகைக்கூடம் அமைத்து வாழ்ந்த யூதர்களுக்கு அயலவர்கள் இட்ட பெயரே ‘நரம்பைப் பிடுங்கும் மார்க்கத்தார்’ என்பதாகும். அவர்களும் முஸ்லிம்களைப் போன்று பன்றியிறைச்சி உண்ணாதவர்கள். இவ்விரு சமூகத்தையும் சீனர்கள் வேறுபடுத்தி அறிந்தது இந்த ஒரு நரம்பினால்தான்!

செந்நிறப் பசுவும் பைத்துல் முகத்தஸும்

இனி, மிக விசித்திரமானது என்று அவர்களது அறிஞர்களே ஒப்புக்கொள்ளும் சட்டம். குறைபாடற்ற, நுகத்தடி ஒருபோதும் ஏறாத செந்நிறப் பசுவை மக்கள் வாழும் எல்லைக்கு வெளியே அறுத்து, கேதுரு மரக்கட்டை, ஈசோப்புச் செடி, செந்நூல் ஆகியவற்றுடன் சேர்த்து எரிக்க வேண்டும். பிரேதத்தைத் தொட்டதால் தீட்டடைந்தவன் மீது அச்சாம்பல் கலந்த ஊற்றுநீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும். ஆச்சரியம் யாதெனில், தீட்டடைந்தவனைச் சுத்தமாக்கும் அதே சாம்பலைத் தயாரிப்பவர் அன்று மாலைவரை தீட்டுள்ளவராகிவிடுவார். ஞானத்தில் சிறந்த ஸுலைமான் (அலை) அவர்களுக்கும் இதன் இரகசியம் விளங்கவில்லை என்று அவர்களது மரபுக் கதைகள் கூறுகின்றன.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா எனும் நூல், மூஸா (அலை) அவர்களின் காலத்திலிருந்து இவ்வாறு எரிக்கப்பட்ட பசுக்களின் எண்ணிக்கை ஏழு அல்லது ஒன்பது என்றே குறிப்பிடுகின்றது. கி.பி. 70இல் ரோமர்கள் ஜெரூஸலத்தின் ஆலயத்தை இடித்தனர். பிற்காலத்தில் அச்சாம்பலும் இல்லாமற் போயிற்று.

சாம்பல் இல்லாமற் போனதால் என்ன நேர்ந்தது என்று கேட்கின்றீர்களா? பிரேதத் தீட்டிலிருந்து தூய்மையடையும் வழி அடைபட்டது. ஆகவே, இன்றைய யூதர் அனைவரும் தீட்டுள்ளவர்களாகவே கருதப்படுகின்றனர். அத்தகையோர் பழைய ஆலயத்தின் புனித எல்லைக்குள் நுழைவது அவர்களது சட்டப்படி பெருங்குற்றம். அவ்வெல்லை எதுவரை என்பதும் திட்டமாக அறியப்படவில்லை. எனவேதான், 1967 யுத்தத்தில் இஸ்ரேல் கிழக்கு ஜெரூஸலத்தைக் கைப்பற்றியபோதும், அந்நாட்டின் தலைமை ரப்பிகள் மஸ்ஜிதுல் அக்ஸா வளாகத்தினுள் யூதர்கள் நுழைவதைத் தடைசெய்து வாயிலில் அறிவித்தல் வைத்தனர். இத்தடையை ஏற்காது நுழைகின்ற குழுவினரும் இருக்கின்றனர். அதனால் அங்கு ஏற்படும் பதற்றத்தைச் செய்திகளில் காண்கின்றோம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து ஐந்து செந்நிறப் பசுக்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டதும் இக்காரணத்தினாலேயே.

பார்த்தீர்களா? வேடிக்கைத் துணுக்காக நாம் கடந்து போகும் ஒரு சட்டம், நமது முதல் கிப்லாவின் இன்றைய நிலையுடன் நேரடியாகத் தொடர்புபட்டு நிற்கின்றது. சிரித்துவிட்டுப் போனவனுக்கு இது விளங்காது. கற்றவனுக்கே விளங்கும்.

கொலையாளி தெரியாத பிரேதம்

பகரா அத்தியாயத்திற்கு அப்பெயர் வரக் காரணமான பசுவை நாம் அனைவரும் அறிவோம். ஒரு பசுவை அறுக்குமாறு கட்டளை வந்தது. பனூ இஸ்ராயீல்கள் கேள்விமேல் கேள்வி கேட்டனர். வயது என்ன, நிறம் என்ன என்று கேட்கக் கேட்கக் கட்டளை இறுகியது. இறுதியில் பளிச்சென்ற மஞ்சள் நிறமுள்ள, உழவுக்குப் பழக்கப்படாத, வடுவற்ற பசுவைத் தேட வேண்டியதாயிற்று. அதன் ஒரு பாகத்தால் கொலையுண்டவனை அடித்தபோது உண்மை வெளிவந்தது.

தவ்றாத்தின் ஐந்தாம் நூலிலும் கொலையையும் பசுவையும் இணைக்கின்ற ஒரு சட்டம் இருக்கின்றது. வெட்டவெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கின்றான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது பெரியோரும் நீதிபதிகளும் வந்து சுற்றியுள்ள ஊர்கள்வரை தூரத்தை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரின் பெரியோர், வேலை செய்திராத இளம் பசுவொன்றை, உழுது விதைக்கப்படாத ஓடைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டு சென்று அதன் கழுத்தை முறிக்க வேண்டும். பின்னர் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று பிரகடனம் செய்ய வேண்டும்.

ஊர்ப் பெரியோரையா கொலைகாரர் என்று சந்தேகிப்பது என மிஷ்னா வினவி, அதற்கு விடையும் தருகின்றது. வழிப்போக்கனாக வந்தவனை உணவளிக்காமல், வழித்துணையின்றி நாங்கள் அனுப்பிவிடவில்லை என்பதே அப்பிரகடனத்தின் பொருளாம். அநாதரவாக ஒருவன் மடிந்தால் அருகிலுள்ள ஊர் பதில் சொல்ல வேண்டும்! இச்சடங்கினால் செய்தி பரவி, கொலையாளி யாரென்பது வெளிப்படும் என்று இப்னு மைமூன் விளக்கினார். பிற்காலத்தில் கொலைகள் பெருகியபோது இச்சடங்கு கைவிடப்பட்டது என்றும் மிஷ்னா பதிவு செய்கின்றது.

நமது ஷரீஅத்திலும் இத்தகைய நிலைமைக்கு ‘கஸாமா’ எனும் சட்டம் உண்டு. அதில் ஐம்பது சத்தியங்கள் கேட்கப்படும். அதன் அடிப்படையாக அமைந்த சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரழி) எனும் அன்ஸாரித் தோழர் யூதர்கள் வாழ்ந்த கைபரில் கொலையுண்டு கிடந்தார். உறவினர் யூதர்கள் மீது குற்றம் சாட்டினர். நபி (ஸல்) அவர்கள் ஐம்பது சத்தியம் செய்யுமாறு உறவினரிடம் கேட்டார்கள். கண்ணால் காணாததற்கு எவ்வாறு சத்தியம் செய்வது என்று அவர்கள் தயங்கினர். அவ்வாறாயின் யூதர்கள் ஐம்பது சத்தியம் செய்து நீங்கிக்கொள்ளட்டும் என்றபோது, அவர்களின் சத்தியத்தை ஏற்க உறவினருக்கு மனமில்லை. அப்போது நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஆட்சி அதிகாரம் அன்னாரின் கையில் இருந்தது. ஆயினும், ஆதாரமின்றி ஒரு யூதரையேனும் தண்டிக்கவில்லை. கொலையுண்டவருக்கான நூறு ஒட்டகங்களைத் தாமே வழங்கி அவ்வழக்கை முடித்தார்கள்.

இளைஞனே! இதுதான் உன் நபியின் நீதி. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதியின்பால் தள்ளிவிடக் கூடாது என்று மாஇதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கட்டளையிடுவதும் இந்நீதியையே.

அடங்காத மகன்

பெற்றோர்களே, உங்களுக்காக ஒரு சட்டம். பெற்றோரின் சொல் கேளாது, கண்டித்தும் திருந்தாது, பெருந்தீனியனாகவும் குடிகாரனாகவும் திரியும் மகனைத் தாயும் தந்தையும் ஊர்ப் பெரியோரிடம் ஒப்படைக்க வேண்டும். அவன் கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும் என்று அதே ஐந்தாம் நூல் கூறுகின்றது. துணுக்கு எழுதுவோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். வரலாறு இவ்விடத்தில் நிற்கவில்லை.

அவர்களது சட்ட அறிஞர்கள் இதற்கு நிபந்தனைக்கு மேல் நிபந்தனை விதித்தனர். தாய், தந்தை இருவரும் உடன்பட வேண்டும். அவன் பெற்றோரின் பொருளைத் திருடி இறைச்சியும் மதுவும் உட்கொண்டிருக்க வேண்டும். தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்றுகூட ஓர் அறிஞர் கூறினார். இத்தகைய பெற்றோர் எங்கே கிடைப்பர்? இறுதியில், இவ்வாறு தண்டிக்கப்பட்ட மகன் ஒருவன் இருந்ததுமில்லை, இருக்கப் போவதுமில்லை. கற்றுப் படிப்பினை பெறவே இச்சட்டம் எழுதப்பட்டது என்ற கருத்தை தல்மூத் பதிவு செய்தது. அவ்வாறன்று, அத்தகைய ஒருவனின் மண்ணறை மீது தாம் அமர்ந்ததுண்டு என்று மறுத்துரைத்த அறிஞரின் கூற்றையும் அந்நூல் மறைக்காமல் பதிவு செய்துள்ளது.

வேதத்தின் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு, ஒரு சமூகம் இவ்வாறுதான் வாழ்ந்தது என்று தீர்ப்பளிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நமது குற்றவியல் சட்டங்களின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதற்கு இமாம்கள் வகுத்த சாட்சிகளையும் நிபந்தனைகளையும் மறைத்துப் பேசுவோர் இத்தவறையே நம் விடயத்திலும் செய்கின்றனர்.

நாம் பெற வேண்டிய படிப்பினைகள்

முதலாவது, வேதச் சட்டங்களில் கடினமானவற்றைக் காணும்போது நமக்கு வர வேண்டியது நன்றியுணர்வு. யூதர்களுக்கு நகமுள்ள பிராணிகளும் மாட்டினதும் ஆட்டினதும் கொழுப்பும் தடுக்கப்பட்டமை அவர்கள் வரம்பு மீறியதற்கான கூலி என்று அன்ஆம் அத்தியாயத்தின் 146ஆம் வசனம் தெரிவிக்கின்றது. அச்சுமைகளை இறக்கி வைக்கும் நபியாக முஹம்மத் (ஸல்) அவர்கள் வந்தார்கள் என்பதை அஃராஃப் அத்தியாயத்தின் 157ஆம் வசனம் உணர்த்துகின்றது. சுமை இறக்கப்பட்டவன் சுமந்தவனைப் பார்த்துச் சிரிப்பது முறையாகுமா?

இரண்டாவது, பசுவின் வரலாறு பழங்கதையன்று. இலகுவான மார்க்கத்தைத் தேவையற்ற கேள்விகளாலும் தர்க்கங்களாலும் கடினமாக்கிக்கொள்வது நம்மிடமும் வந்து சேரக்கூடிய நோய். முன்னிருந்தோர் அழிந்தது அதனாலேயே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

மூன்றாவது, பரிகாசம் எவரையும் விட்டுவைப்பதில்லை. 2013இல் நம் நாட்டில் ஹலால் சான்றிதழ் எவ்வாறு கேலிக்கும் எதிர்ப்புக்கும் உள்ளானது என்பதை நாம் மறக்கவில்லை. பெல்ஜியத்தின் ஒரு மாநிலம், விலங்குகளை மயக்கமுறச் செய்யாமல் அறுப்பதைத் தடைசெய்தது. 2020 டிசம்பர் 17இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அத்தகைய தடைக்கு இடமளித்தது. அதற்கெதிராக வழக்காடியவர்களுள் யூத அமைப்புகளும் முஸ்லிம் அமைப்புகளும் இருந்தன. சட்டம் கழுத்தை நெரிக்கும்போது யூதன், முஸ்லிம் என்று பார்ப்பதில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இத்தகைய துணுக்கொன்றைக் காட்டிச் சிரித்தால் அவனை அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, இது எந்த நூலில் உள்ளது, அதனை அச்சமூகத்தார் எவ்வாறு விளங்கினர், நம் மார்க்கம் இவ்விடயத்தில் என்ன சொல்கின்றது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே! ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன் அந்த மூன்று கேள்விகளையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். யூத அரசொன்றின் அநியாயங்களை எதிர்ப்பது வேறு. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை இழிவுபடுத்துவது வேறு. முதலாவதற்கு நீதி வேண்டும். இரண்டாவது அந்நீதியையே கெடுத்துவிடும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயன்தரும் கல்வியையும், பேச்சில் நேர்மையையும், பகைவரிடத்திலும் நீதி தவறாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.